கீழே ரயில் போகும் ஊர்

சித்தா தெல்லா பியேவே
11 ஏப்ரல் 1994, திங்கள்

நீவெஸ்,

சனிக்கிழமை வந்து சேர்ந்தேன். பொலோன்யாவில் 8.14க்கு ஏறி, கியூசியில் இறங்கினேன். ரயில் நேரத்துக்கு வந்தது. அங்கிருந்து மலைக்கு வரும் பேருந்து இருபத்தாறு நிமிடம் தாமதம். ஓட்டுநர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

தொலைபேசியில் கூப்பிடாதே, கூப்பிட்டாலும் ‘ம்’ என்பதைத் தவிர உன் வாயிலிருந்து எதுவும் வராது, சொல்ல ஏதாவது இருந்தால் எழுது என்று வாசலில் நின்று சொன்னாய். எழுதுகிறேன். ராணுவத்தில் இருந்தபோது எழுதியதற்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அறை நன்றாக இருக்கிறது. பெண்கள் முடி திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடி. கடையும் வீடும் தெல்ஃபினா என்ற பெண்மணியுடையவை. வயது ஐம்பதுக்குள் இருக்கும். காலை ஒன்பது மணியிலிருந்து முடி உலர்த்தும் இயந்திரமும் அவள் வாயும் சேர்ந்தே ஓடுகின்றன. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. அடியில் நான் வண்டி ஓட்டிய ரயில் பாதை. ரொட்டியில் உப்பே போடுவதில்லை. இந்தப் பக்கம் அதுதான் வழக்கமாம்.

ஊரில் பார்க்க வேண்டியவை ஒன்பது. நேற்று மதியத்துக்குள் ஐந்து பார்த்துவிட்டேன்.

‘மெதுவாக இருக்கக் கற்றுக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே’ என்றாய். ஒரு மாதத்துக்கு அறை எடுத்திருக்கிறேன். ஒரு மாதம் போதும் என்று நினைக்கிறேன்.

குளியலறைக் குழாய்க்கு ஆள் வந்தானா? உன் ரத்த அழுத்த மாத்திரை சமையலறை அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

இவானோ


பொலோன்யா
16 ஏப்ரல் 1994

இவானோ,

மாத்திரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அங்கே வைத்தவளே நான்தான்.

ஒன்பதில் ஐந்தை ஒரு காலையிலேயே முடித்துவிட்டாயா? மிச்சம் நாலையும் மறுநாள் முடித்திருப்பாய். அப்புறம் ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? பள்ளத்தாக்கில் போகிற ரயிலுக்கெல்லாம் நேரம் பார்ப்பாய். பார்க்கிறாய் அல்லவா? எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை மிரெல்லாவிடம் படித்துக் காட்டினேன். "அம்மா, இது கடிதாசி இல்ல, ஸ்டேஷன் மாஸ்டருக்குக் குடுக்குற ரிப்போர்ட்டு" என்றாள் உன் மகள். மோதெனாவிலிருந்து சிரிக்கத்தான் வந்தாள். சிரித்துவிட்டு, "அப்பா பாவம்" என்றும் சொன்னாள்.

நீ ஏன் அங்கே இருக்கிறாய், நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பது உனக்கு இன்னும் புரியவில்லை என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. அதனால் சொல்கிறேன்.

முப்பது வருஷமாக ஒரே பாட்டு. ‘ரிடையர் ஆகட்டும் நீவெஸ், தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிற ஊரிலெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்போம்.’ பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டிக்கொண்டே அந்த ஊர்களை நினைத்துக்கொள்வேன். அக்டோபரில் நீ வேலையை விட்டாய். விட்ட மறுநாளிலிருந்து எனக்கு மேலதிகாரி ஆனாய். பாஸ்தா எட்டு நிமிடம். இஸ்திரி நாற்பது நிமிடம். சந்தையிலிருந்து நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் பால்கனியில் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "ஒங்க வீட்டுக்காரர் என்ன, ஒங்களுக்கு பச்சக் கொடி காட்டுறாரா?"

அதைக்கூடப் பொறுத்தேன். ஓர்வியேத்தோ போகலாம் என்றாய். போனோம். நாலு மணி நேரத்தில் ஆறு இடம். பேராலயத்துக்கு எதிரே இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் அந்த முகப்பில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிற்பமாக விழித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. நீ வந்து, "இன்னும் ஏழு நிமிஷம். கெணறு பாக்கணும்" என்றாய். "நீ போய்ப் பாரு. நான் இங்கேருந்து எங்கயும் வரல" என்றேன்.

நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாய், இவானோ. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ‘சரி, நானும் உட்காருகிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சண்டைகூடப் போட்டிருக்கலாம். கிணற்றுப் படியை எண்ணிவிட்டு வந்து, இருநூற்று நாற்பத்தெட்டு என்றாய். எழுந்து போய்விட்டேன். நீ நம் ரயிலைப் பிடித்தாய். நான் மூன்று மணி நேரம் கழித்து, எல்லா ஊரிலும் நின்று நின்று போகிற வண்டியில் வந்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல ரயில் பயணம் அதுதான்.

குழாய்க்கு ஆள் வந்தான்.

நீவெஸ்


சித்தா தெல்லா பியேவே
22 ஏப்ரல் 1994, வெள்ளி

நீவெஸ்,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. உடனே பதில் எழுதாமல் மூன்று நாள் வைத்திருந்தேன். உடனே எழுதியிருந்தால் ஓர்வியேத்தோவில் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்பதைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

ரயிலைப் பார்க்கிறாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். ஊரின் கடைசியில் ஒரு மதில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பெஞ்சு. முதல் வாரம் முழுவதும் அங்கேதான். பழைய பாதையில் போகும் ஒவ்வொரு வண்டியும் என்ன, எத்தனை நிமிடம் முந்தி, எத்தனை நிமிடம் பிந்தி என்று. வியாழன் மதியம் ஒன்று ஒன்பது நிமிடம் தாமதம். எனக்கு வியர்த்துவிட்டது. ஓட்டுபவன் யாரோ, நான் யாரோ.

ஒன்று நடந்தது, சொல்கிறேன். பேருந்து ஓட்டுநர் என்று எழுதினேனே, அவன் பெயர் குவிந்தோ. தெல்ஃபினாவின் கணவன்தான். திங்களன்று கியூசிக்குப் போய்த் திரும்பும்போது, மலைச்சரிவில் நடு ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டினான். என்ஜினை அணைத்தான். பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பழுது என்று நினைத்தேன். இல்லை. சரிவு முழுக்கக் காட்டு அஸ்பராகஸ் தண்டு முளைத்திருக்கிறது. அதைப் பறிக்க இறங்கினான். அவன் பின்னாலேயே மொத்தப் பயணிகளும் இறங்கினார்கள். நான் மட்டும் இருக்கையில்.

ஒரு பெண் ஜன்னலுக்குக் கீழே வந்து, "நீங்க எறங்கலயா?" என்றாள்.

"வண்டி எப்பக் கெளம்பும்?" என்றேன்.

"தண்டு தீந்ததும் கெளம்பும்."

குவிந்தோ புதருக்குள்ளிருந்து கத்தினான். "அவர விடுங்க. ரயில் ஓட்டுனவரு. சிக்னல் விழுந்தாத்தான் எறங்குவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே இறங்கினேன். முதல் தண்டு கண்ணில் படவே வெகுநேரம் ஆயிற்று. புல்லும் அதுவும் ஒரே நிறம். குனிந்து, நின்று, கண்ணை ஒரே இடத்தில் வைத்தால்தான் தெரிகிறது. ஒன்று தெரிந்துவிட்டால் பக்கத்தில் நாலு தெரிகிறது. இத்தனை வருஷமாக வண்டி ஓட்டியும் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தியதே இல்லையே என்று தோன்றியது. நான் பறித்ததைத் தெல்ஃபினா முட்டையோடு வதக்கிக் கொடுத்தாள். "இதுல பாதி புல்லு" என்றாள். சாப்பிட்டேன்.

பேருந்து எத்தனை நிமிடம் நின்றது என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. மாலைதான் அது உறைத்தது.

மிச்சம் நாலு இடங்களில் மூன்றை இன்னும் பார்க்கவில்லை. காலையில் சதுக்கத்துக்குப் போகிறேன். காபி குடிக்கிறேன். செங்கல் சுவரில் வெயில் இறங்கிவரும். அது என் மேசைக்கு வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறேன்.

ஒரு வாரம் நீயும் வந்து இரேன். இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது.

இவானோ


பிரிசிகெல்லா
30 ஏப்ரல் 1994

இவானோ,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? தவறாக எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அஸ்பராகஸ் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்ததும், உன்னோடு சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன். அதற்கு மேல் அன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ போனதிலிருந்து வீட்டில் எட்டு மணி வரை தூங்குகிறேன். பசித்தால் சாப்பிடுகிறேன். ஒருநாள் மதியம் வெறும் செர்ரி ஜாமும் ரொட்டியும். தனியாக இருப்பது இவ்வளவு சுகம் என்று தெரியாமலேயே கிழவி ஆகிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய் ரொட்டி வாங்கக் கிளம்பினேன். கால் என்னவோ ரயில் நிலையத்துக்குப் போயிற்று. ஃபயென்ஸாவுக்குச் சீட்டு வாங்கினேன். அங்கே இறங்கினால் எதிர் மேடையில் இரண்டே பெட்டி வைத்த ஒரு குட்டி வண்டி நின்றது. எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறினேன். இரண்டாம் நிறுத்தத்தில் பாறை மேல் ஒரு கோட்டை தெரிந்தது. இறங்கிவிட்டேன். மாற்றுத் துணிகூட இல்லை. மாலைக்குள் திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். இன்று ஐந்தாம் நாள்.

இங்கே ஒரு தெரு வீடுகளின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிறது. மேலே கூரை, பக்கத்தில் வரிசையாக வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நின்று கீழே சதுக்கத்தைப் பார்க்கலாம். நான் நேற்று ஒரு வளைவில் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒருத்தி ஜன்னலில் போர்வை உதறினாள். ஒருவன் மீன் வண்டியோடு வந்து, பேரம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகிப் போனான். அவ்வளவுதான். எழுதும்படி ஒன்றும் இல்லை. ஆனால் முழுதாகப் பார்த்தேன்.

காபிக் கடைக்காரன் தினமும் என்னைப் பார்த்துவிட்டு நேற்று கேட்டான். "யாருக்காகவோ காத்திருக்கீங்க போல."

"யாருக்காகவும் இல்லப்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. கல்யாணமானதிலிருந்து நான் காத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உன் முறை முடிய, உன் வண்டி வர, உனக்கு விடுமுறை கிடைக்க. நான்கு நாளாக எதற்கும் காத்திருக்கவில்லை.

உன் ஊருக்கு நான் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. காலையில் காபி குடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மாதம் முடிந்து நீ வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் விரும்புகிறேனா என்பது எனக்கே தெரியவில்லை.

நீவெஸ்


சித்தா தெல்லா பியேவே
6 மே 1994

நீவெஸ்,

மதில் பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தெல்ஃபினாவிடம் அறையை ஜூன் கடைசி வரை நீட்டித்துத் தரச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருகிறேன் என்று உன்னை நெருக்க மாட்டேன்.

மெதுவாக இருப்பது நல்லது என்று இங்கே வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஒயின் குடிக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், இதுதான் வாழ்க்கை என்கிறார்கள். மூன்றாம் நாள் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் அறியாத ஒன்று இருக்கிறது. வேகமாகப் போகிறவனைப் பின்னால் வருவது எதுவும் பிடிக்க முடியாது. நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்கிறது. முதலில் சின்னச் சின்ன விஷயங்கள் வந்தன. உன் அப்பாவோடு போட்ட சண்டை. மிரெல்லாவின் முதல் நாள் பள்ளிக்கூடம். இப்போது பெரியது வந்திருக்கிறது. ஒரு வாரமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால், வாடகை சல்லிசு என்று சொல்லியிருப்பேன்.

1969 நவம்பர் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். தெல்ஃபினா சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

இவானோ


பொலோன்யா
10 மே 1994

எழுது.

தாளைக் கிழிக்காதே. கிழித்தாலும் கிழித்ததையே அனுப்பு.

நீவெஸ்


சித்தா தெல்லா பியேவே
14 மே 1994, சனி

நீவெஸ்,

எழுதுகிறேன். நடுவில் நிறுத்த மாட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய். உனக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. உன் தங்கை வந்து உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போகக் கிளம்பினாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி மட்டும் போகாத" என்றாய். நிலையத்துக்குப் போய் மாற்று ஆள் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். பிறகு மருத்துவமனைக்கு ஆள் அனுப்பி, ஆள் கிடைக்கவில்லை, நானேதான் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக நம் வீட்டில் அந்தக் கதைதான் இருக்கிறது.

ஆள் இருந்தான். ஓரெஸ்தே. தொப்பியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். "நான் போறேன்டா. நீ ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றான். மேற்பார்வையாளரும் சரி என்றுவிட்டார். நான்தான், "ஒண்ணும் ஆகாது, மிரெல்லா பொறந்தப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு என்ஜினில் ஏறினேன்.

கடமை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடமை இல்லை. பயம். மருத்துவமனை நடையில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பயம். கதவைத் திறந்து யாராவது ஏதாவது சொல்வார்கள். அதுவரை கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்ஜினில் கைக்கு வேலை இருக்கும். கண்ணுக்கு அடுத்த சிக்னல் இருக்கும்.

கியூசிக்கு முன்னால் சிவப்பு விழுந்தது. பதினோரு நிமிடம் நின்றேன். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. தண்டவாளம்கூடத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தினால் பனிக்கு மேலே செங்கல் நிறத்தில் ஓர் ஊர், வெயிலில். புகை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒருவன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான், அவன் மனைவிக்கு இன்று பிள்ளை பிறந்தால் அவன் பக்கத்தில் இருப்பான் என்று நினைத்தேன். அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பச்சை விழுந்தது. கிளப்பினேன்.

ரோமில் தந்தி காத்திருந்தது. பையன், பலவீனம், வா. அடுத்த வண்டியில் பயணியாக ஏறியிருந்தால் அன்று மாலையே உன்னிடம் வந்திருப்பேன். ஓட்டுநர் விடுதியில் போய்ப் படுத்தேன். மறுநாள் என் முறைக்கு வந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். புதன் மாலை ஆறு மணிக்கு பொலோன்யா. அவன் நான்கு மணிக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ரிடையர் ஆகும் வரை ஒரு வண்டியையும் என் தவறால் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக ஓட்டியதில்லை. அன்று நான் வண்டி ஏறியது சரி என்று நிரூபிப்பதற்காக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்கும் வழி எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

இவானோ


சித்தா தெல்லா பியேவே
26 மே 1994

நீவெஸ்,

பதில் வரவில்லை. அதைக் கேட்டு இதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று மிரெல்லா தொலைபேசியில் சொன்னாள். அது போதும்.

தெல்ஃபினாவின் கடைக்கு வருகிற பெண்களுக்கு என் குரல் பழகிவிட்டது. மாடியில் நான் இருமினால் கீழேயிருந்து, "தேன் சாப்பிடுங்க" என்று பதில் வருகிறது. வயலெல்லாம் கசகசாப் பூ. சிவப்பு. நேற்று பச்சியானோ வரை நடந்து போனேன். போக ஒரு காலை, அங்கே ஒரு மதியம், திரும்ப ஒரு மாலை. வழியில் ஒரு பாம்பு சாலையைக் கடந்தது. அது போகும் வரை நின்றேன்.

இதை எழுத வேண்டும் என்பதற்காக எழுதினேன். வேறொன்றும் இல்லை.

இவானோ


பொலோன்யா
31 மே 1994

இவானோ,

இரண்டு வாரம் உன்னைக் காக்க வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கொஞ்சம் வேண்டுமென்றும் செய்தேன்.

நீ எழுதியது எனக்குத் தெரியும்.

அந்த வாரமே தெரியும். ஓரெஸ்தேயும் அவன் மனைவியும் மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்தார்கள். அவன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, "அக்கா, நான் போறேன்னுதான் சொன்னேன், அவன் கேக்கல" என்றான். நீ என்னிடம் சொல்லியிருப்பாய் என்று நினைத்துவிட்டான், பாவம். அவன் மனைவி அவன் காலை மிதித்தாள். நான் ஓர் ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். முதல் வருஷம் தினமும் காத்திருந்தேன். பிறகு அவன் நினைவு நாள்களில் மட்டும். அப்புறம் எப்போதோ காத்திருப்பதையே மறந்துபோனேன். பொய் சொன்னதைவிட, என்னை மறக்க வைத்தாய் பார், அதற்குத்தான் எனக்கு உன் மேல் கோபம். ஓர்வியேத்தோவில் நீ கிணற்றுக்குப் போனபோது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு நீ என் கையை உதறிக்கொண்டு போன அதே நடை.

பயம் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் எனக்குத் தெரியாது. உனக்கு அக்கறை இல்லை என்றே நினைத்திருந்தேன். பயந்தவனோடு வாழ்ந்தேன் என்பதும் அக்கறையில்லாதவனோடு வாழ்ந்தேன் என்பதும் ஒன்றல்ல. எவ்வளவு வித்தியாசம் என்று இன்னும் கணக்குப் போட்டு முடியவில்லை. என்னை அவசரப்படுத்தாதே.

இன்னொன்று. பதிவு அலுவலகத்தில் அவனுக்கு உன் அப்பா பெயரைக் கொடுத்தாய், அவுகுஸ்தோ என்று. கல்லறையில் அதுதான் வெட்டியிருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. அவன் உயிரோடு இருந்தவரை நான் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மிரெல்லாவிடம்கூட. உன்னிடம் சொல்வேனா என்று தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறேன். உனக்காக என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. பனிக்கு மேலே நின்ற அந்த ஊரை நானும் பார்க்க வேண்டும். இன்னொரு கட்டிலைப் போடச் சொல். சுவரோரம்.

நீவெஸ்


சித்தா தெல்லா பியேவே
20 ஜூன் 1994, திங்கள்

நீவெஸ்,

நீ பனிக்காலே ஊரில், நான் இங்கே. நடுவில் ஒரு மலை, ஒரு மணி நேரப் பேருந்து. இதைக் குவிந்தோ கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை உன் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி உன்னைக் கூப்பிட்டுத் தருவானாம். அது அவன் பேருந்து போகும் வழியே இல்லை. "பயணிங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கும் ஏரியப் பாத்த மாதிரி இருக்கும்" என்கிறான்.

உனக்குத் தனியாக நான்கு நாள் வேண்டும் என்று நீ சொன்னபோது முதலில் மனம் கனத்தது. நேற்று உன்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மதிலோரம் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே ஏரியைப் பார்த்துக்கொண்டு நீ ஒரு வளைவில் நிற்பாய். மீன்காரன் வருவான். பார்த்துவிட்டு வா. நீ வந்ததும் சொல், கேட்டுக்கொள்கிறேன். வரும்போது நேராக இங்கே வருவதோ, பொலோன்யா போவதோ உன் விருப்பம். நான் இருக்கிறேன்.

இங்கே இருந்த பன்னிரண்டு நாளும் நீ என்னோடு நிறையப் பேசவில்லை. தெல்ஃபினாவோடுதான் பேசினாய். அவள் உன் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். நடந்தோம், உட்கார்ந்தோம், உப்பில்லாத ரொட்டியைத் திட்டினாய். கடைசி நாள் மதியம் மதில் பெஞ்சில், கீழே எதையோ பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே அந்தப் பெயரைச் சொன்னாய். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

இப்போது நான் எழுதுவதற்குக் காரணம் இன்று காலை நடந்ததுதான். மருந்து வாங்க கியூசிக்குப் போய்விட்டு குவிந்தோவின் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேறு பயணி யாரும் இல்லை. அவன் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பெரியவன் பெருஜாவில் படிக்கிறானாம், வீட்டுக்கு அழுக்குத் துணி மட்டும்தான் வருகிறதாம். பிறகு கேட்டான்.

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு" என்றேன்.

சொல்லிவிட்டேன், நீவெஸ். யோசிக்கவில்லை. "பொண்ணு மோதெனாவுல இருக்கா. பையன் ரெண்டு நாள் இருந்தான்" என்றேன்.

அவன் கியரை மாற்றி ஒரு வளைவைத் திருப்பினான். பிறகு, "பேரு வச்சீங்களா?" என்றான்.

"அவன் அம்மா வச்சா. எலியோ."

முதல்முறையாக அந்தப் பெயரை நான் என் வாயால் சொன்னேன். அந்நியன் ஒருவனிடம் சொன்னதற்கு நீ கோபப்படுவாயோ என்று அப்போதே பயந்தேன். கோபம் என்றால் சொல்.

குவிந்தோ தலையாட்டினான். அவனுக்கு அதில் ஆச்சரியமோ சங்கடமோ இல்லை. எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"எலியோ யாரு ஜாட? ஒங்க ஜாடயா, அவங்க ஜாடயா?"

அந்தப் புதன் மாலை நான் மருத்துவமனைக்கு வந்தபோது அவனைத் துணியால் மூடியிருந்தார்கள். நான் அதை விலக்கவில்லை. நீ கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் விலக்காதது உனக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷத்தில் ஒருமுறையாவது உன்னிடம் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

"தெரியல, வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

நீவெஸ், அவன் யார் ஜாடை?

இவானோ